ஜிம்மி ஸ்மித்தும் ஜாஸ் ஆர்கனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்டுப் பழகாதவர்கள் வீட்டுக்கு வந்தால் நான் முதலில் போடுவது பெரும்பாலும் ஜிம்மி ஸ்மித்தின் இசைத்தட்டுதான். கேட்டு முடித்ததும் அவர்களிடமிருந்து வரும் கேள்விகள் ஆண்டுக்கணக்காக ஏறக்குறைய அதே கேள்விகள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிடித்த இடங்களில் பதில் நீண்டுவிட்டது.

யார் இந்த ஜிம்மி ஸ்மித்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் உள்ள நாரிஸ்டவுன் என்ற ஊரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். முழுப் பெயர் ஜேம்ஸ் ஆஸ்கர் ஸ்மித். பிறந்த நாள் டிசம்பர் 8. ஆண்டைச் சில நூல்கள் 1925 என்றும் சில 1928 என்றும் அச்சிடுகின்றன. 2005 பிப்ரவரி 8 அன்று அரிசோனாவில் காலமானார்.

ஜாஸில் அவருக்கு முன்பும் ஆர்கன் வாசித்தவர்கள் உண்டு. ஆனால் இன்று யார் ஹாமண்ட் ஆர்கனின் முன் அமர்ந்து ஜாஸ் வாசித்தாலும், எந்தக் கை எதைச் செய்ய வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும், எந்த ஒலியில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்மித் வகுத்துவைத்த வழிதான். அதை மீறுகிறவர்களும் அதைக் கற்ற பிறகே மீறுகிறார்கள்.

ஹாமண்ட் ஆர்கன் என்பது நம் ஹார்மோனியம் போன்றதா?

வெளித்தோற்றத்தில் கொஞ்சம். உள்ளே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹார்மோனியத்திலும், பெரிய தேவாலயங்களில் சுவரை நிறைத்து நிற்கும் குழாய் ஆர்கனிலும் ஒலியை எழுப்புவது காற்று. ஹாமண்டில் காற்றுக்கு வேலையே கிடையாது. சிகாகோவில் மின்கடிகாரம் செய்து விற்றுக்கொண்டிருந்த லாரன்ஸ் ஹாமண்ட் என்ற பொறியாளர், கடிகாரத்துக்காகத் தாம் வடிவமைத்த சீர்வேக மோட்டாரை வைத்தே 1935இல் இந்த ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

பெட்டிக்குள் 91 சிறு எஃகுச் சக்கரங்கள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள் இருக்கும். விளிம்பை ஒட்டி ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் இருக்கும். ஒவ்வொரு மேடும் கடந்து போகையில் சுருளில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. நொடிக்கு 440 மேடுகள் கடந்தால் 440 துடிப்புள்ள சுரம். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை இயக்குவதே பார்க்க அழகாக இருக்கும். இரண்டு சுவிட்சுகள். முதலாவதைச் சுமார் எட்டு நொடிகள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே சக்கரங்கள் வேகமெடுக்கும் முனகல் கேட்கும். அதை விடாமலே இரண்டாவதையும் போட்டு, சில நொடிகள் கழித்து முதலாவதை விட வேண்டும். அவசரப்பட்டால் ஆர்கன் வாய் திறக்காது.

ஸ்மித்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மாதிரி பி-3. 1950களின் நடுவில் வந்து 1970களின் நடுவரை தயாரானது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசைக் கட்டைகள், வரிசைக்கு 61. காலுக்குக் கீழே 25 மிதிகட்டைகள். கட்டைகளுக்கு மேலே, ஒன்பது ஒன்பதாக இழுத்து நீட்டும் தண்டுகள். இவற்றுக்கு டிராபார் என்று பெயர். எந்தத் தண்டை எவ்வளவு இழுக்கிறோமோ அதைப் பொறுத்து ஒலியின் நிறம் மாறும். ஆர்கன், இருக்கை, மிதிகட்டைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 190 கிலோ. ஊர் ஊராக வாசிக்கப் போன ஆர்கன் கலைஞர்களில் சிலர் பழைய சவ ஊர்தியை வாங்கி அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நீளமான பெட்டி படுத்தவாறு நுழைய வேறு வண்டி ஏது?

அந்த நடுக்கம் கலந்த ஒலி எங்கிருந்து வருகிறது?

ஸ்பீக்கரிலிருந்து. சுழலும் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசி, குரல் நடுங்குவதைக் கேட்டுச் சிரித்த வயது எல்லாருக்கும் இருந்திருக்கும். டொனால்ட் லெஸ்லி என்பவர் 1940களின் தொடக்கத்தில் ஏறக்குறைய அதையே ஒரு மரப்பெட்டிக்குள் செய்தார். மேலே ஒரு கொம்பு சுழலும். கீழே தாழ்ந்த ஒலிகளுக்காக ஓர் உருளை சுழலும். ஒலி நம்மை நெருங்குவதும் விலகுவதுமாக இருப்பதால் அது அலைபோல் அசைகிறது. லாரன்ஸ் ஹாமண்டுக்கு இந்த ஸ்பீக்கர் பிடிக்கவில்லை. தம் நிறுவனத்தின் வழியே விற்கவும் மறுத்துவிட்டார். உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்று ஹாமண்ட் என்றால் லெஸ்லியும் சேர்ந்துதான்.

இசைத்தட்டில் பாஸ் வாசிப்பவர் பெயரே இல்லையே. அந்தத் தாழ்ந்த ஒலி யாருடையது?

இந்தக் கேள்வி வரும்போதுதான் எனக்கு உற்சாகம் பிறக்கிறது. ஸ்மித்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் வலது கையின் வேகத்தையே புகழ்கிறார்கள். நான் கேட்பவர்களிடம் சொல்வது வேறு: இடது பக்கத்தைக் கேளுங்கள்.

வழக்கமான ஜாஸ் குழுவில் ஆளுயர பாஸ் வயலினை நிறுத்திவைத்து, விரலால் மீட்டி ஒருவர் நடையைத் தாங்கிக்கொண்டிருப்பார். ஸ்மித்தின் மூவர் குழுவில் ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் மட்டுமே. பாஸ் முழுவதையும் ஸ்மித்தே பார்த்துக்கொண்டார். இடது கை கீழ் வரிசையில் அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில் இடது கால் மிதிகட்டையை ஒவ்வோர் அடியிலும் மெல்லத் தட்டும். மெதுவான பாடல்களில் கால் முழு வரியையும் வாசிப்பதுண்டு. வேகமான பாடல்களில் காலின் வேலை பெரும்பாலும் தட்டல்தான். கைவிரல் தரும் சுரத்துக்கு அந்தத் தட்டல் ஒரு முனையைக் கொடுக்கிறது. கம்பியை விரல் சுண்டும் அந்த ‘டும்’ ஓசை ஆர்கனில் பிறப்பது இப்படித்தான்.

வலது காலுக்கும் வேலை இருக்கிறது. ஹாமண்டில் கட்டையை மென்மையாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஒரே அளவுதான். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வலது காலடியில் தனியாக ஒரு பெடல் உண்டு. ஆக, வலது கை பாட்டைச் சொல்கிறது, இடது கை நடக்கிறது, இடது கால் தட்டுகிறது, வலது கால் மூச்சு விடுகிறது. நான்கும் நான்கு வேலை, மனம் ஒன்று.

இது வெறும் சாமர்த்தியமாக நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்மித் 1948இல் ஹாமில்டன் இசைப் பள்ளியில் படித்தது பாஸ். மறு ஆண்டு ஃபிலடெல்பியாவின் ஆர்ன்ஸ்டைன் பள்ளியில் பியானோ. பாஸ் வாசிப்பவர் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு எப்படிக் கால் மாற்றி நடப்பார் என்பதைத் தம் கையால் கற்றவர் அவர். அதனால்தான் அவருடைய இடது கை மட்டும் தனியாகக் கேட்டாலும் ஒரு முழுமையான மனிதர் வாசிப்பதுபோல் இருக்கிறது.

ஆர்கனை எப்படிக் கற்றார்? ஏதோ கிடங்கில் அடைந்து கிடந்தார் என்று கேள்விப்பட்டேன்.

உண்மைதான். தந்தையும் பியானோ வாசிப்பவர். சிறுவன் ஸ்மித் வீட்டிலேயே பியானோ பழகி, சிறு வயதிலேயே போட்டி ஒன்றில் பரிசு வாங்கினான். பிறகு கடற்படையில் சிறிது காலம். படைவீரர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியால் மேலே சொன்ன பள்ளிகளில் படிப்பு. 1950களின் தொடக்கத்தில் டான் கார்ட்னர் என்பவரின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வைல்ட் பில் டேவிஸ் ஆர்கன் வாசித்ததைக் கேட்டார். கேட்டதோடு பியானோவின் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று.

இதைக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று டேவிஸிடமே கேட்டாராம். மிதிகட்டைகளுக்கு மட்டுமே பல ஆண்டுகள் ஆகும் என்று பதில் வந்ததாம். ஸ்மித் கடன் வாங்கி ஒரு ஹாமண்டை வாங்கினார். வீட்டில் வைக்க இடமில்லாமல் ஃபிலடெல்பியாவில் ஒரு கிடங்கில் வைத்தார். காலையில் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் மனம் நிறைகிற வரை அங்கேயேதான். குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து வாசித்தால் பழக்கம் வராது என்று புரிந்துகொண்டு, 25 மிதிகட்டைகளின் படத்தையும் ஒரு தாளில் வரைந்து எதிர்ச் சுவரில் ஒட்டினார். கண் சுவரில், கால் தானாகக் கட்டையைத் தேட வேண்டும். ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படி.

நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பது அந்தத் தாளைத்தான். ஆசிரியர் இல்லை, பாடப்புத்தகம் இல்லை. ஜாஸுக்கு இந்த வாத்தியத்தை இப்படி வாசிக்கலாம் என்று யாரும் அதற்கு முன் எழுதி வைக்கவில்லை. தம் பாடத்தைத் தாமே வரைந்து ஒட்டிக்கொண்டு படித்த மாணவர் அவர்.

1955இல் அவர் குழுவோடு சில நாள்கள் வாசித்தவர்களில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் ஒருவர். நள்ளிரவில் தூக்கம் கலைந்து எழுந்தால்கூட அந்த ஆர்கன் தம்மைப் பார்த்து அலறுவது காதில் கேட்டது என்று கோல்ட்ரேன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதற்குப் பின் கோல்ட்ரேன் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குப் போய்விட்டார்.

அவருக்கு முன்னால் ஆர்கன் வாசித்தவர்கள் யார்? ஸ்மித் எதை மாற்றினார்?

ஃபேட்ஸ் வாலர் 1920களிலேயே தேவாலயக் குழாய் ஆர்கனில் ஜாஸ் வாசித்துப் பதிவு செய்தார். நியூயார்க்கின் லிங்கன் தியேட்டரில் வாலர் வாசிக்கும்போது காலடியில் உட்கார்ந்து பார்த்துக் கற்றவர், பின்னாளில் பெரிய ஜாஸ் குழுவை நடத்திய கவுண்ட் பேஸி. ஹாமண்ட் வந்த பிறகு வைல்ட் பில் டேவிஸ், மில்ட் பக்னர், பில் டாகெட் ஆகியோர் முன்னோடிகள். இவர்களில் பலர் ஆர்கனை ஒரு பெரிய வாத்தியக் குழுவாகவே பார்த்தார்கள். இரு கையும் நிறைய சுரங்களை ஒன்றாக அழுத்தி, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஊதும் அகலத்தை எழுப்பினார்கள். கேட்கச் சுகமானது. ஆனால் கனமானது.

ஸ்மித் அந்தக் கனத்தைக் கழற்றினார். அவர் கேட்டு வளர்ந்த கோல்மன் ஹாக்கின்ஸ், டான் பயஸ் போன்றோர் சாக்ஸபோன் ஊதுகிறவர்கள்; அவர் பெரிதும் மதித்த சார்லி பார்க்கரும் அப்படியே. ஆர்கனை ஒற்றை ஊதுகுழலாக நினைப்பதாகவே அவர் சொல்லியிருக்கிறார். வலது கையில் ஒரே ஒரு வரி. அது பேசும், இழுக்கும், துள்ளும்.

அதற்கேற்ற ஒலியையும் தேடி எடுத்தார். மேல் வரிசைக்குரிய ஒன்பது டிராபார்களில் முதல் மூன்றை மட்டும் முழுதாக இழுத்துவிட்டு மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிடுவது. கூடவே பி-3இல் புதிதாக வந்திருந்த ‘பெர்கஷன்’ என்ற வசதி: சுரத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒரு சிறு மணியோசை சேர்ந்து உடனே மறையும். இதில் ஒரு நுட்பம். முந்தைய கட்டையிலிருந்து விரல் முழுதாக எழுந்தால்தான் அடுத்த சுரத்துக்கு அந்த மணியோசை கிடைக்கும். ஒட்டி வாசித்தால் கிடைக்காது. ஆகவே எங்கே ஒட்டுவது, எங்கே வெட்டுவது என்பதே பேச்சின் அழுத்தமாகிறது. ஸ்மித்தின் வேகமான வரிகள் மழுங்காமல் மணி மணியாக விழுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாமண்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அதன் கீழ் ஒன்பது மின்தொடர்புகள் அடுத்தடுத்து ஒட்டும். அப்போது ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். தயாரித்தவர்கள் அதைக் குறை என்று எண்ணிக் குறைக்கப் பார்த்தார்கள். ஜாஸ் கலைஞர்களுக்கோ அதுவே நாக்கு. குறையை நீக்கிய ஆர்கனில் ஸ்மித்தை வாசித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

சில இடங்களில் ஒரே சுரத்தை நிமிடக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கிறாரே, ஏன்?

பியானோவில் அழுத்திய சுரம் உடனே தேயத் தொடங்கும். ஆர்கனில் விரலை எடுக்கும் வரை தேயாது. ஸ்மித் ஒரு விரலால் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் அதன் கீழே வாசிப்பார். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இங்கே ஒத்து மேலே இருக்கிறது. கீழே, கறுப்பின மக்களின் இசைவடிவமான ப்ளூஸின் பன்னிரண்டு அளவு (நான்கு அடி சேர்ந்தது ஓர் அளவு) கொண்ட சுற்று சுற்றி வரும்போது அடியிலுள்ள இசைவு மாறிக்கொண்டே இருக்கும். மாறாத அந்த ஒற்றைச் சுரம் சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் உரசும். அந்த உரசலில் அரங்கம் கூச்சலிடும். விரல் எடுபடும் கணத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு எப்படி வந்தார்?

1956 தொடக்கத்தில் நியூயார்க் ஹார்லமில் உள்ள ஸ்மால்ஸ் பாரடைஸ் என்ற கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து ப்ளூ நோட்டை நடத்திய ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் போய்க் கேட்டார்கள். முகம் கோணி, உடல் வளைந்து, வலியில் துடிப்பவர்போல் ஆர்கன் மேல் கவிந்து அவர் வாசித்த காட்சியை வுல்ஃப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த பிப்ரவரியிலேயே முதல் பதிவு நடந்தது.

அடுத்த ஏழு ஆண்டுகள் பதிவு, பதிவு, பதிவு. 1957 பிப்ரவரியில் அடுத்தடுத்த மூன்று நாள்களில் வாசித்தது ஐந்து இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 1963 தொடக்கத்தில் நிறுவனத்தை விட்டுப் போகுமுன் சுமார் ஒரு வாரத்தில் நான்கு இசைத்தட்டுகளுக்கு வாசித்துக் கொடுத்தார். இவ்வளவு அவசரத்தில் எல்லாமே தங்கமாக இருக்குமா? இருக்காது, சிலவற்றில் ஒரே அச்சு தெரிகிறது. ஆனால் எதிலும் சோர்வு இல்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘பேக் அட் த சிக்கன் ஷேக்’. 1960 ஏப்ரல் 25 அன்று, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது, வெளிவந்தது 1963இல். சாக்ஸபோன் ஸ்டான்லி டரண்டைன், கிட்டார் கென்னி பர்ரல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி. அதே நாளில் பதிவான மீதிப் பாடல்கள் ‘மிட்நைட் ஸ்பெஷல்’ என்ற இன்னொரு இசைத்தட்டாயின. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

முதல் பாடலை மூன்று முறை கேளுங்கள் என்பது என் வழக்கமான வேண்டுகோள். முதல் முறை எதையும் எண்ணாமல். இரண்டாம் முறை பாஸை மட்டும். மூன்றாம் முறை டரண்டைன் ஊதும்போது ஸ்மித் என்ன செய்கிறார் என்று. பக்கவாத்தியமாக மாறும்போது அவர் எவ்வளவு கொஞ்சமாக வாசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். வேகத்துக்குப் பெயர்போன மனிதர் அங்கே அடக்கமாக, கொஞ்சம் தொட்டு, விட்டு, காத்திருக்கிறார். பெய்லியின் கையும் அப்படியே. ஆர்கனின் பெரிய ஒலிக்கு முன் போட்டிபோடாமல் இடம்விட்டு அடிக்கிறார்.

அடுத்து ‘த செர்மன்’. 1958 பிப்ரவரியில் பதிவான இருபது நிமிட ப்ளூஸ். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அது மட்டுமே. டிரம்பெட் லீ மார்கன், சாக்ஸபோன் லூ டொனால்ட்சனும் டீனா ப்ரூக்ஸும், கிட்டார் பர்ரல், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. ஒவ்வொருவராக எழுந்து தம் மனோதர்மத்தைக் காட்டுகிறார்கள். அத்தனை நேரமும் ஸ்மித்தின் இடது கை நிற்காமல் நடக்கிறது. பாஸ் வாசிப்பவர் ஒருவர் இருந்திருந்தால்கூடக் கை வலித்திருக்கும்.

பாடல்களுக்குப் பிரசங்கம், ஜெபக்கூட்டம் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறாரே?

ஆம், ‘ப்ரேயர் மீட்டின்’ என்றும் ஓர் இசைத்தட்டு உண்டு. ஹாமண்ட் ஆர்கனை நிறுவனம் விற்றதே குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களைப் பார்த்துத்தான். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது வேர்விட்டது. போதகர் ஒரு வாக்கியம் சொல்வார், சபை பதில் சொல்லும், இடையே ஆர்கன் ஓங்கி ஒலிக்கும். ஞாயிறு காலையில் அந்த ஒலியைக் கேட்ட மக்களே சனிக்கிழமை இரவு கூடங்களிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்மித்தின் வரிகளில் கேள்வியும் பதிலுமாக வரும் அமைப்பு அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாத மொழி.

வெர்வ் என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபின் வணிகமாகிவிட்டார் என்கிறார்களே?

பாதி சரி. 1962இல் வெர்வுக்காக வந்த ‘பாஷின்’ இசைத்தட்டில் ஒரு பக்கம் ஆலிவர் நெல்சன் அமைத்த பெரிய வாத்தியக் குழு, மறுபக்கம் பழைய மூவர் குழு. அதில் ‘வாக் ஆன் த வைல்ட் சைட்’ என்ற திரைப்பட இசை, பாப் பாடல்களின் தரவரிசையில் 21ஆம் இடம்வரை போனது. ஜாஸ் ஆர்கனுக்கு அது பெரிய செய்தி. அந்தப் பதிவில் ஆர்கன் எடுத்த எடுப்பில் வராது. குழு மெல்ல மெல்ல ஏறி உச்சிக்கு வரும். நாம் மறந்தேபோன நேரத்தில் ஸ்மித் நுழைவார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த நுழைவில் உடல் சிலிர்க்கிறது.

1964இல் லாலோ ஷிஃப்ரின் அமைத்த ‘த கேட்’ வந்தது. அந்தத் தலைப்புப் பாடலுக்காக ஷிஃப்ரினுக்கு கிராமி விருது கிடைத்தது. 1966இல் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கமரியுடன் ‘த டைனமிக் டுவோ’. இவையெல்லாம் வணிகம் என்றால் அந்த வணிகம் வாழட்டும். ஆனால் அறுபதுகளின் பிற்பாதியில் சில இசைத்தட்டுகளில் வாத்தியக் குழு தடித்துப்போய், ஸ்மித்தின் இடது கைக்கு வேலையில்லாமல் போகிறது. அவற்றை நான் மறுபடி எடுப்பதில்லை.

எழுபதுகளுக்குப் பிறகு என்ன ஆனார்?

காலம் மாறியது. எடை குறைந்த மின்னணுக் கருவிகள் வந்தன; 190 கிலோவைத் தூக்க யாருக்கு மனம் வரும்? ஹாமண்ட் நிறுவனமே சுழல்சக்கர ஆர்கன்களை நிறுத்திவிட்டது. ஸ்மித் மனைவி லோலாவோடு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஓர் உணவுக்கூடம் நடத்தி, அங்கேயே வாசித்தார். 1972இல் அந்நகரில் நேரடியாகப் பதிவான ‘ரூட் டவுன்’ இந்தக் காலத்தின் சிறந்த சாட்சி. இருபதாண்டுகள் கழித்து பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதே பெயரில் பாடல் செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1987இல், மைக்கேல் ஜாக்சனின் ‘பேட்’ பாடலில் வரும் ஆர்கன் தனி வாசிப்பும் ஸ்மித்துடையதுதான். அதை உலகமே கேட்டிருக்கிறது. வாசித்தவர் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

2001இல் பி.பி. கிங், எட்டா ஜேம்ஸ் போன்றோர் சேர்ந்த ‘டாட் காம் ப்ளூஸ்’ வந்தது. 2005இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் ஜாஸ் மேதைகளுக்குத் தரும் உயர்ந்த கௌரவம் கிடைத்தது. மனைவி அதற்குச் சில மாதங்கள் முன்பே காலமாகியிருந்தார். பிப்ரவரியில் ஸ்மித்தும் போய்விட்டார். அதே மாதம் வெளிவந்தது ‘லெகசி’: தம்மை விட நாற்பத்து சொச்சம் வயது இளையவரான ஜோயி டிஃபிரான்செஸ்கோவும் அவரும் இரண்டு ஆர்கன்களில் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு. டிஃபிரான்செஸ்கோவும் 2022இல் 51 வயதில் மறைந்துவிட்டார்.

அவர் வழியில் வந்தவர்கள் யார்? லானி ஸ்மித் அவருக்கு உறவா?

உறவில்லை. டாக்டர் லானி ஸ்மித்தும் ஜாஸ் ஆர்கன் கலைஞர்தான்; நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கத்துக்காரர், தலைப்பாகை அணிந்தவர், 2021இல் மறைந்தார். பெயரொற்றுமை மட்டுமே.

ஃபிலடெல்பியாவை ஆர்கன் ஊர் என்றே சொல்லலாம். ஷர்லி ஸ்காட், ஜிம்மி மெக்ரிஃப், சார்லஸ் எர்லண்ட், ட்ரூடி பிட்ஸ் எல்லாரும் அந்த ஊர். ஷர்லி ஸ்காட்டை அவசியம் கேளுங்கள். ஸ்மித் பத்துச் சுரங்களில் சொல்வதை அவர் நான்கில் சொல்வார். நியூவர்க்கைச் சேர்ந்த லாரி யங் ஸ்மித்தின் வழியில் தொடங்கி, 1965இல் ‘யூனிட்டி’ இசைத்தட்டில் வேறு உலகத்துக்குப் போனார். இங்கிலாந்தில் பிரையன் ஆகரும் டீப் பர்பிள் குழுவின் ஜான் லார்டும் ஸ்மித்துக்குக் கடன்பட்டவர்கள். சிக்கன் ஷேக் என்று ஒரு பிரிட்டிஷ் குழுவே பெயர் வைத்துக்கொண்டது.

அமெரிக்காவிலிருந்து பழைய பி-3 ஒன்றை இங்கே கொண்டுவந்து வாசிக்க முடியுமா?

மின்னழுத்தத்தை மாற்றுவது எளிது. சிக்கல் வேறிடத்தில். ஹாமண்டின் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டப்பட்டது. அமெரிக்காவில் அது நொடிக்கு 60. நம் நாட்டில் 50. அப்படியே இணைத்தால் சக்கரங்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். ஒவ்வொரு கட்டையும் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும். அலைவெண்ணை மாற்றித் தரும் கருவி தேவை, அல்லது 50க்கென்றே செய்த ஆர்கன் வேண்டும். தூக்க ஆறு பேரும் வேண்டும்.

சுழல்சக்கர ஒலியை மின்னணு முறையில் தரும் கீபோர்டுகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. டிராபார்கள் நிஜமாகவே இழுக்கும்படி உள்ளவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

நான் கீபோர்டு வாசிப்பேன். இந்தப் பாணியை எப்படித் தொடங்குவது?

வலது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான ப்ளூஸ் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு அளவுக்கும் இடது கையால் அடிக்கு ஒரு சுரமாக நடந்து பழகுங்கள். தாளம் தள்ளாடாமல் பத்து நிமிடம் தாங்கும்வரை வேறெதுவும் வேண்டாம். பிறகு இடது காலால் தரையைத் தட்டுங்கள். மிதிகட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையும் காலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அதன் பிறகு வலது கைக்கு ஒரே ஒரு சுரம் கொடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டே இடது கையை நடக்கவிடுங்கள். நடை குலைந்தால் வலது கையை மறுபடி மடியில் வைத்துவிடுங்கள்.

மிதிகட்டை வாங்கிவிட்டால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அதன் படத்தை வரைந்து எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.